சிட்டி கோல்ஃபைத் தாழ்த்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் தேர்ந்தெடுத்த அனுபவம்

காரைத் தாழ்த்தப் போகிறேன் என்றதும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "எத்தனை மில்லி இறக்கப் போற?" நாற்பது மில்லிமீட்டரா, அறுபதா, அதற்கும் கீழேயா? பாகக் கடையிலும் அதே கேள்விதான். வாங்கி, பூட்டி, ஓட்டிப் பார்த்து முடித்த பிறகு சொல்கிறேன், அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. இறக்கின பிறகு ஷாக் அப்சார்பருக்குள் மேலே போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் எத்தனை மில்லி என்பது தானாக வந்துவிடும்.

வண்டி அப்பாவுடையது, 1996 ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப். ஐரோப்பாவில் முதல் தலைமுறை கோல்ஃப் 1983-லேயே இடத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டது. நம் தென்னாப்பிரிக்காவில் அதே உடலை யூட்டன்ஹேக் ஆலையில் சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை செய்தார்கள். அந்த ஊருக்கு இப்போது கரீகா என்று பெயர். இத்தனை ஆண்டு ஒரே வண்டி ஓடியதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. அதுவே சிக்கலும் கூட. ஜெர்மன் ஸ்பிரிங்கும் கிடைக்கும், யார் செய்தது என்றே தெரியாத, சிவப்பு பெயின்ட் அடித்த ஸ்பிரிங்கும் அதே அலமாரியில் இருக்கும்.

இந்த வண்டியின் அடிப்பகுதி எளிமையானது. முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூணான மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஒரு கண்ட்ரோல் ஆர்ம். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்கு அச்சு, அதன் மேல் ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங். முன்னால் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவைத் திருத்தலாம், ஸ்ட்ரட்டை ஹப்போடு பிணைக்கும் மேல் போல்ட் அதற்காகவே மையம் விலகிச் செய்யப்பட்டிருக்கிறது. பின்னால் அப்படித் திருத்த வழியில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும், நாலு மூலையிலும். பின்பக்கம் இரண்டு மூலையும் ஒன்றுபோல இல்லை. இத்தனை வருடத்தில் ஸ்பிரிங் களைத்து உட்கார்ந்துவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 40 மி.மீ. என்பது வண்டி புதிதாக இருந்தபோது நின்ற உயரத்திலிருந்து இறங்கும் அளவு. ஏற்கெனவே 10, 15 மி.மீ. உட்கார்ந்த வண்டியில் கண்ணுக்குத் தெரியும் இறக்கம் அந்த அளவு குறைவாகத்தான் இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பழைய உயரத்தை அளந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, இந்த வண்டி யாரை ஏற்றுகிறது, எங்கே போகிறது? எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து டிரைவ்வே செங்குத்தாக இறங்கும். தெருவுக்குத் தெரு ஹம்ப், அதாவது வேகத்தடை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு ஒட்டுப்போட்ட சாலைகள் இன்னும் ஒட்டாகவே இருக்கின்றன. புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு ஐந்து பேரும் இந்த வண்டியில்தான் போவோம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பின்னால் பெரிய குண்டான்கள் ஏறும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் காட்சி வண்டி இல்லை இது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பின்பக்கத்தில் கூடுதலாக 150 கிலோ ஏறினால் ஒரு சக்கரத்துக்கு 75 கிலோ, சுமார் 735 நியூட்டன். ஸ்பிரிங்கின் கடினம் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால் 37 மி.மீ. அமுங்கும். 26 என்றால் 28 மி.மீ. இது வண்டி நிற்கும்போதே அமுங்குவது. பள்ளமும் ஹம்ப்பும் வருவது அதற்கு மேல்.

மிச்ச இடத்தை அளக்க ஷால்க்ராஸில் இருக்கும் மெக்கானிக் அண்ணா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஷாக் கம்பியை மூடியிருக்கும் ரப்பர் உறையை மேலே தூக்கி, கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்காமல் கட்டி, ஷாக் உடலைத் தொடும்படி கீழே தள்ளிவிட வேண்டும். வண்டி சும்மா நிற்கும் நிலையை ஒரு டேப்பால் குறித்துக்கொண்டு ஓட்டினால், ஷாக் எவ்வளவு ஆழம் உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். ஒரு முறை தனியாகவும் ஒரு முறை குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டும் ஹிக்கின்சன் ஹைவே வரை போய்வந்தேன். ஆள் ஏறின ஓட்டத்தில் டை, ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் தொடங்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. தொழிற்சாலை உயரத்திலேயே நிலைமை அது. அன்றைக்கே 60 மி.மீ. என்ற பேச்சு எனக்கு முடிந்துபோனது.

தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி நீளமாக எழுத மனமில்லை. ஒரு கடையில் அரை மணி நேரத்தில் வெட்டித் தருகிறேன் என்றார்கள். ஒரு சுற்றை வெட்டினால் மிஞ்சின சுற்றுகள் குறைவதால் ஸ்பிரிங் கடினமாகும், அது உண்மைதான். ஆனால் நீளமும் போய்விடும். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு விலகும், திரும்பி உட்காரும்போது கோணலாக உட்காரும். கேஸில் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். பிள்ளைகள் ஏறும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

தாழ்ந்த ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி, பழைய ஷாக்கை விட்டுவிடுவது இரண்டாவது வழி. பணம் மிச்சம் என்பதால் அதிகம் பேர் போகும் பாதை இது. அண்ணா சொன்னது: "தம்பி, ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அடக்கும். ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண விட்டா வண்டி பேச்சு கேக்காது." கணக்கும் அதையே சொல்கிறது. ஸ்பிரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால், ஆட்டத்தை அதே அளவு அடக்க ஷாக் சுமார் 1.4 மடங்கு பிடிக்க வேண்டும். தேய்ந்த ஷாக்கால் அது முடியாது, வண்டி பந்து மாதிரி துள்ளும். அதோடு நீளமான ஷாக் எப்போதும் பாதி மூழ்கியே வேலை செய்யும், பம்ப் ஸ்டாப்பில் முட்டி முட்டிச் சீக்கிரம் கசியும். இதற்காகவே தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்று உடல் குட்டையான ஷாக் செய்கிறார்கள். பில்ஸ்டைனில் பி6 என்பது தொழிற்சாலை உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய வண்டிக்குக் குட்டையாக்கியது. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாக் உடலில் மரை வெட்டி, வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கும் காயில்ஓவர் மீது எனக்கு உண்மையான ஆசை இருந்தது. உயரத்தை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம், நாலு மூலைக்கும் எடையைச் சரிசெய்யலாம். தடுத்தது டர்பன் காற்று. கடலோர உப்பும் மழைச் சேறும் அந்த மரையில் ஏறினால் வளையம் இறுகிப்போகும். வருடத்துக்குச் சில தடவை கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு, மூடி வைப்பவருக்கு அது நல்ல தேர்வு. உயரத்தை ஒரு முறை வைத்துவிட்டு அப்படியே ஓட்டப் போகிறவர் அந்தப் பணத்தை நல்ல ஷாக்கில் போடலாம். நான் இரண்டாவது வகை.

அதிகம் இறக்காமல் விட்டதற்கு இன்னொரு காரணம் முன்பக்கத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியைத் தாழ்த்தும்போது கண்ட்ரோல் ஆர்மின் வெளிநுனி மேலே ஏறுகிறது. ஆர்ம் தரைக்கு இணையாக இருக்கும் வரை பரவாயில்லை. அதைத் தாண்டி வெளிநுனி உயர்ந்துவிட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். எடை மையம் இறங்கியும், வளைவில் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. கண்ணுக்கு ரேஸ் கார் போலத் தெரியும் வண்டி வளைவில் முன்னைவிட அதிகம் சாய்வது இதனால்தான். அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதற்கு இன்னும் கடினமான ஷாக் என்று செலவு ஓடும். ஸ்டியரிங் டை ராடின் கோணமும் கெடும், ஹம்ப்பில் ஏறும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். கடைசியில் எடுத்தது 40 மி.மீ. ஸ்பிரிங், குட்டை ஷாக், நாலு மூலைக்கும் ஒரே தயாரிப்பாளருடையது.

சக்கரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய 175/70R13 டயரின் விட்டம் சுமார் 575 மி.மீ., நான் போட்டிருக்கும் 185/60R14 சுமார் 578. நடைமுறையில் ஒன்றுதான், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. பலர் ஆசைப்படும் 195/45R15 சுமார் 557 மி.மீ. அதைப் போட்டால் வண்டி இன்னும் 10 மி.மீ. இறங்கும், ஆனால் மட்கார்டு இடைவெளி குறையாது. இறங்குவது சம்ப்பும் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) எக்ஸாஸ்ட்டும் மட்டும். ஹம்ப்பில் இடிப்பவை அவைதான்.

பணத்தின் முதல் பங்கு ஸ்பிரிங்குக்குப் போகவில்லை. பால் ஜாயின்ட், கண்ட்ரோல் ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், ஸ்ட்ரட் மேல் மவுன்ட் எல்லாம் புதிதாக்கினோம். தேய்ந்த புஷ்ஷின் மேல் கடினமான ஸ்பிரிங்கை வைத்தால் ஒவ்வொரு சத்தமும் இரண்டு மடங்காகக் கேட்கும். முன்பக்கத்துக்கு வந்தது பழைய ஸ்ட்ரட் உறைக்குள் இறக்கும் இன்சர்ட். ஆகவே உறை நல்லதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்ததில் ஒன்றில் துரு ஆழமாகப் போயிருந்தது. ஸ்க்ராப்யார்டில் கடலிலிருந்து தள்ளி உள்ளே ஓடிய வண்டி ஒன்றிலிருந்து துருவில்லாத உறை கிடைத்தது. போனெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் மேலே போல்ட் ஏறும் இடத்திலும் அதேபோலக் குத்திப் பாருங்கள். அங்கே துரு என்றால் தாழ்த்தும் பேச்சை விட்டுவிட்டு முதலில் வெல்டரிடம் போங்கள்.

பூட்டும் வேலையை அண்ணாவின் முற்றத்தில் செய்தோம். ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது, அமுங்கிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். கழற்றும் முன் கேம்பர் போல்ட்டின் நிலையைக் கோடு போட்டுக் குறித்தோம். புஷ் போல்ட்களை ஜாக்கின் மேல் இருக்கும்போது கடைசி வரை இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகுதான் இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். நல்ல கடைகளில்கூட இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். முடித்த பிறகு மறுபடி ஜாக் வைத்து, தொங்கும் சக்கரத்தின் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பார்த்தோம். அசையவில்லை. குட்டை ஷாக் வாங்கியதன் பலன் அது.

அலைன்மென்ட்டை அன்றே ஒரு முறை ஓட்டும்படி வைத்துக்கொண்டு, ஸ்பிரிங் உட்கார்ந்த சில வாரங்களுக்குப் பிறகு ஃபிட்மென்ட் சென்டரில் முழுதாகச் செய்தேன். கேம்பர் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது, அதை அப்படியே விட்டேன். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவைத்தான் துல்லியமாக வைக்கச் சொன்னேன், டயரைத் தின்பது பெரும்பாலும் அதுதான். முகப்பு விளக்கையும் திருத்த வேண்டியிருந்தது.

கேபிள் டையை மறுபடி கட்டி, அதே ஐந்து பேரோடு அதே சாலையில் போனேன். பம்ப் ஸ்டாப்பை மெதுவாகத் தொட்டது, நசுக்கவில்லை. டிரைவ்வேயில் நேராக இறங்காமல் கொஞ்சம் குறுக்காக இறங்கினால் சம்ப் தப்புகிறது. என்3-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறும் நீண்ட வளைவுகளில் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு போகிறது. பின்னால் உட்காரும் அம்மாவிடம் முதுகு வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பழைய ஷாக்கில் பெரிய பள்ளத்துக்குப் பிறகு மூன்று நாலு தடவை ஆடுமே, அது நின்றதே நிம்மதி என்றார். ஹம்ப்பில் மட்டும் மெதுவாகப் போகச் சொன்னார், அப்படித்தான் போகிறேன்.

காகித வேலை இரண்டு. இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லும் படமும் அனுப்பினேன். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். கைமாறும்போது ரோட்வொர்தி சோதனை வரும் என்பதால் பழைய ஸ்பிரிங், பாகங்களின் பில், அலைன்மென்ட் தாள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பின் அச்சின் புஷ் இரண்டும் பாக்கி. பாலியூரித்தேன் புஷ், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், முறுக்கு அச்சுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கவும் வேண்டும், அதனால் ரப்பரே வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிக்கு முன்னால் போட்டுவிட வேண்டும்.