சத்தியவாணி முத்து பெயரில் ஒன்றுமே இல்லையாம்!

பழைய அமைச்சர் ஒருவரைப் பற்றி அரசு ஆவணம் தேடப் போகிறீர்களா? கவுன்டரில் "இல்லை" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் பெரம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து சத்தியவாணி முத்துவைப் பற்றி ஒரு சின்ன நூல் போடலாம் என்று பேசினோம். தகவல் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இதே பெரம்பூர்த் தொகுதியில் ஜெயித்தவர், 1967இல் அண்ணா அமைத்த ஒன்பது பேர் அமைச்சரவையில் ஒரே பெண். சென்னையிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அடையாள அட்டை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் சுலபமாக முடிந்தது. வினையே பழைய அரசு ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்தின் கவுன்டரில்தான்.

"எந்தத் துறைம்மா?"

"அரிஜன நலம், செய்தித் துறை."

கணினியில் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு துறையே இல்லையே!"

இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைதான் சார் அது, அப்போது பெயர் வேறு என்றேன். புதுப் பெயரைப் போட்டார். அறுபதுகளில் ஒன்றும் வரவில்லை. "அப்ப இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மறுமுறை போனபோது வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கடிதத்தில் முத்திரை தெளிவாக இல்லையாம், புதிதாக வாங்கி வர வேண்டுமாம். மே மாத வெயிலில் போன பஸ்ஸிலேயே திரும்பினேன்.

வழி காட்டியது அங்கே பழைய பதிவேடுகளைத் தூக்கி வைக்கும் அண்ணன் ஒருவர். "மெட்ராஸ்னு தேடச் சொல்லுங்கம்மா, தமிழ்நாடுன்னு தேடினா எப்படி வரும்?" என்றார். மாநிலத்தின் பெயர் மாறியதே 1969 ஜனவரி 14இல்தானே! சத்தியவாணி முத்து அமைச்சரானது அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு. கையால் எழுதிய பழைய அட்டவணையை அந்த அண்ணனே எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் வேண்டிய எண்கள் கிடைத்துவிட்டன. படித்தவர்கள் உட்கார்ந்திருந்த கவுன்டரில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த தகராறு 1957 தேர்தல். "தி.மு.க. லிஸ்ட்ல இவங்க பேரு இல்ல, ஜெயிச்சிருக்க மாட்டாங்க" என்று கவுன்டரில் இருந்தவர் ஒரே பிடிவாதம். அந்தத் தேர்தலின்போது தி.மு.க.வுக்குத் தேர்தல் ஆணைய அங்கீகாரம் கிடையாது. அதன் ஆட்கள் எல்லோரும் சுயேச்சைக் கணக்கில்தான் இருப்பார்கள். போதாக்குறைக்கு பெரம்பூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. "ஒரு தொகுதியில எப்படிம்மா ரெண்டு பேர் ஜெயிப்பாங்க?" என்று என்னையே கேட்டார். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்த வருடத்துப் புள்ளிவிவர அறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. அச்செடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன். அதன்பின் பேச்சில்லை. நீங்களும் அச்செடுத்துக்கொண்டு போங்கள், போனில் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

1974இல் அவர் தி.மு.க.வை விட்டு விலகி தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியது, 1977இல் அது அ.தி.மு.க.வில் கலந்தது ஆகியவற்றுக்கு கன்னிமாரா நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். தாளெல்லாம் தொட்டாலே உதிர்கிறது, எழுதப் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். அவர் மாநிலங்களவை உறுப்பினரானது, 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் இருந்தது என்று டெல்லிப் பக்கத்துத் தகவலெல்லாம் வீட்டில் இருந்தபடியே கிடைத்தது. இங்கே கோடம்பாக்கம் தாண்டிப் போவதற்குள் உயிர் போகிறது!

மீதி இருந்தவை சில அரசாணைகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டேன். "எங்கள் பிரிவைச் சார்ந்ததல்ல" என்று மனுவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பக்கூடாது. சட்டத்தின் பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி முதல் மேல்முறையீடு போட்டேன். பதிலைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள், அதனால் தபால் தேதி தெரியும் அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

அவர்கள் தகவல் தர வேண்டிய கெடு எல்லாம் தாண்டி ஒரு வழியாகக் கடிதம் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி. காசு பெரிதில்லை, ஆனால் விட மனசு வரவில்லை. தாமதமாகத் தரும் தகவலுக்குக் கட்டணம் கிடையாது என்கிறது பிரிவு 7(6). இரண்டே வரி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். நகல்கள் போன வாரம் வந்து சேர்ந்தன, ஒரு பைசா வாங்காமல்.