தடுப்பூசிக்குப் பின் மூட்டுவலி: அலைய வைக்கும் இடங்கள்

ஊசி போட்ட பிறகு மூட்டு வீங்கியது என்று சொன்னால், "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒரு டாக்டர் கையை விரிப்பார். இன்னொருவர் கேள்வியே கேட்காமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிவிடுவார். அதிகம் கெடுப்பது இந்த இரண்டாமவர்தான். ஸ்டீராய்டு உள்ளே போனதும் வீக்கம் வடியும், அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இறங்கும். அதன் பிறகு மூட்டுவாத நிபுணர் முன் போய் உட்கார்ந்தால் அவர் கண்ணில் பட எதுவும் மிஞ்சாது. வலி பொறுக்கும்படி இருந்தால் முதலில் ரத்தமும் சிறுநீரும் கொடுங்கள், வீங்கிய மூட்டைத் தேதியோடு போட்டோ எடுங்கள், மாத்திரை அப்புறம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. 50 வயது தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து பார்வையும் மங்கினால் முதலில் சோதனை, பிறகு மாத்திரை என்ற கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஊசி போட்ட தோளில் மட்டும் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, கையைத் தூக்க முடியவில்லையா? ஊசி மிக மேலே இறங்கியிருக்கலாம். அது தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவது) அல்ல, அதற்கான ஏ.என்.ஏ. ரத்தச் சோதனை பார்ப்பது வீண்செலவு, தோள்பட்டைக்கு ஸ்கேன் போதும். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசிக்குப் பின் 1 முதல் 3 வாரத்தில் வயதுவந்த பெண்களுக்கு வரும் மூட்டுவலி பெரும்பாலும் தானாகவே அடங்கும். 6 வாரம் தாண்டாத வீக்கத்துக்கு சிக்குன்குனியா, பார்வோ வைரஸ், மஞ்சள்காமாலை வைரஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி மீதே கண்ணாக இருந்தால் இவை தப்பிவிடும்.

ஏ.என்.ஏ. 1:80 என்று வந்ததும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்தான் என்று அழ வேண்டாம். நோயே இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 13 பேருக்கு அந்த அளவில் பாசிட்டிவ் காட்டும். வெறும் "பாசிட்டிவ்" என்று எழுதிய ரிப்போர்ட்டால் பயனில்லை, அளவும் (1:80 போல) பேட்டர்னும் (செல்லில் ஒளிரும் விதம்) வேண்டும். லூபஸ் சந்தேகத்தில் எல்லோரும் மறப்பது சிறுநீரில் புரதம் பார்ப்பதை. இன்னொரு பொறி: ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட 18 நாள் வரை அந்த வைரஸ் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.எஸ். ஆன்டிஜென் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். ஊசித் தேதியைச் சொல்லாமல் சோதித்தால் மூட்டுவாத மருந்தான மெதோட்ரெக்சேட் தொடங்குவது அநாவசியமாகத் தள்ளிப்போகும்.

பக்கவிளைவைப் பதிவு செய்வது தனிக் கூத்து. டாக்டர், ஊசி போட்ட மையத்தைக் கைகாட்டுவார். அங்கே கேட்டால் "டாக்டர்தான் அனுப்பணும்". பல நாடுகளில் நோயாளியே பதிவு செய்யலாம், இதைக் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை. ஊசியின் பெயர், பேட்ச் எண், தேதி, எந்தக் கை, முதல் அறிகுறி தொடங்கிய நாள் எல்லாம் வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் போதிய தகவல் இல்லாதவை "வகைப்படுத்த இயலாதவை" என்று ஒதுங்கிவிடும். முழு விவரம் கொடுத்தாலும் "தீர்மானிக்க முடியவில்லை" என்று வரலாம். ஊசிக்குப் பின் வந்தது என்பது மட்டும் சான்றாகாது.

அடுத்த டோஸ் போடலாமா என்பதை மூட்டுவாத நிபுணரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை ஊசி போடும் இடத்தில் ஏற்க மாட்டார்கள்.