‘வெள்ளம்’ உடைந்துபோன இரவு

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் இணைய இதழில் கூத்து, சினிமா, கணினி என்று எல்லாமே கலந்து வரும். ஆரம்ப காலக் கட்டுரைகள் சுமார் 140 ஒரு சிடியில் கிடந்தன. போன வருடம் அவற்றை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி மறுபடி ஏற்றலாம் என்று இறங்கினேன். ஒரு வாரம் போதும் என்று மற்ற இருவரிடமும் சொன்னது நான்தான்.

கிட்டத்தட்ட பாதி டிஸ்கி, பாதி பாமினி, இரண்டும் யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியீட்டு முறைகள். விண்டோஸ் 2000-த்திலேயே யூனிகோடு தமிழ் வந்துவிட்டாலும் எழுதுபவர்கள் மாறப் பல வருடங்கள் ஆயின, அதுவரை அவரவர் கையில் இருந்த எழுத்துருதான். பாமினிக் கோப்பில் உண்மையில் இருப்பவை தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். மாற்றி மென்பொருளில் போட்டால் ஐந்தே நிமிடம், சரி, ஆனால் நடுவில் நிஜமான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். கணினிக் கட்டுரைகளில் இருந்த நிரல் வரிகளெல்லாம் பேய் ஓட்டும் மந்திரம் மாதிரி ஆகிவிட்டன. டிஸ்கியில் இந்தத் தொல்லை இல்லை, அதில் ஆங்கிலத்துக்கு அதன் இடம் அப்படியே இருந்தது.

கண்ணில் படும் பிழையாவது பரவாயில்லை. மௌனப் படங்கள் பற்றி ஒரு நல்ல கட்டுரை இருந்தது, அதை ஏற்றிவிட்டு ‘மௌனம்’ என்று தேடினால் வரவே இல்லை! எழுதியவர் ‘மௌ’வை மகரத்தோடு ஒற்றைக் கொம்பும் தனி ளகரமும் சேர்த்து அடித்திருந்தார். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான், கணினிக்கு வேறு வேறு. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் ஒரே வரி நிரலில் ஒட்டிவிடும், ளகரத்தை அது தொடாது.

சரி, நாமே மாற்றுவோம் என்று இரவு பதினொரு மணிக்கு எல்லாக் கோப்பிலும் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்த இடங்களை ஒரே அடியாக ‘ௌ’ ஆக்கினேன். காலையில் பார்த்தால் ‘வெள்ளம்’ எல்லாம் ‘வௌ்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் ‘தௌிவு’. நல்லவேளை, சிடி இருந்தது. அப்புறம் ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ கொம்போ காலோ வேறு உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று நிரலில் எழுதி, மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தோம். அதற்கே இரண்டு மாதம்.

இன்னும் ஒன்பது கட்டுரைகள் பாக்கி. எந்த எழுத்துரு என்று எழுதியவருக்கே நினைவில்லை. அதிகம் வரும் குறி மெய்யெழுத்தின் புள்ளியாகத்தான் இருக்கும் என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டு, காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்து வருகிறேன். மூன்று முடிந்தன.