மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டிய பள்ளி மானியம்

எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் 138 பிள்ளைகள் படிக்கிறார்கள். நூறுக்கு மேல் 250 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்க வேண்டும். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்பு செய்தபோது பெற்றோர் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கழிப்பறைக் குழாய்களை மாற்றத் தீர்மானம் போட்டது, விலைப்புள்ளி வாங்கியது, வேலையை முடித்தது எல்லாம் ஒரே மாதத்தில் நடந்தன. செய்த வேலைக்குப் பணம் கொடுக்கத்தான் நான்கு மாதங்கள் ஆயின.

முதல் தடங்கல் வங்கியில். பள்ளிக் கணக்கில் பழைய தலைவியின் கையெழுத்தே இருந்ததால், அதை மாற்றத் தீர்மான நகலும் ஆதார் அட்டையும் புகைப்படமும் எடுத்துச் சென்றேன். தீர்மானத்தில் என் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து இருந்தது. ஆதாரிலோ பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர். “இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்ட எழுத்தர், மற்ற தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கட்டாகத் திருப்பித் தள்ளினார். இருபது உறுப்பினர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குச் செல்பவர்கள். ஓர் எழுத்துக்காக அவர்களை மறுபடியும் கூட்டித் தீர்மானம் எழுத மூன்று வாரங்கள் ஓடின. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தீர்மானப் பதிவேட்டில் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் குழாய் வேலை செய்த தம்பியின் கணக்கில். 2021-க்குப் பிறகு இந்தத் திட்டப் பணம் மாநில அளவிலான ஒரே கணக்கில்தான் வைக்கப்பட்டது. பள்ளியின் கணக்கில் தெரிந்ததெல்லாம் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டுமே. ரொக்கமாக எடுக்க வழியில்லை, வேலை செய்தவரின் வங்கிக் கணக்கை இணையதளத்தில் பதிந்துதான் செலுத்த வேண்டும். அவருடைய கணக்குப் புத்தகம் பழையது. அவரது வங்கி வேறொரு வங்கியுடன் இணைந்து ஐஎஃப்எஸ்சி குறியீடும் மாறியிருந்ததை அவரும் அறியவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதிவு இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. காலையில் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அக்கா, இந்த வாரமாவது வருமா?” என்று அவர் கேட்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கணக்குச் சரியானபின், பணத்தை அனுப்புமாறு வங்கிக்குக் கொடுக்கும் செலுத்தாணைச் சீட்டை அச்சிட்டுத் தலைமையாசிரியையும் நானும் கையெழுத்திட்டோம். அவர் பயிற்சிக்குச் சென்றுவிட, நான் காய்ச்சலில் கிடக்க, சீட்டு மேசை இழுப்பறையிலேயே இருந்துவிட்டது. வங்கிக்குக் கொண்டுபோன அன்றுதான் அதன் அடியில் அச்சிட்டிருந்த காலாவதி நாளைக் கவனித்தேன். இது முழுக்க எங்கள் தவறு. இதற்கு எந்த எழுத்தரையும் குறை சொல்ல முடியாது.

புதிய சீட்டுடன் நான் வங்கி வரிசையில் நின்ற நாள் 2023 மார்ச் 20. பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வரவு செலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பள்ளிக் கல்வித் துறைக்கு 40,299 கோடி ரூபாய் என்று அறிவித்தார். அதில் பெரும்பகுதி ஊதியத்திற்கே போய்விடும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கோடிகளைக் கேட்டபடியே, 18,400 ரூபாய்ச் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று அன்றும் திருப்பி அனுப்பினார்கள்.

கல்வித் துறையின் வட்டார அலுவலகமான வட்டார வள மையத்தின் கணக்காளர் ஒருவர்தான் கைகொடுத்தார். மார்ச் 31-இல் வரம்பு ரத்தாகிவிடும் என்று எச்சரித்தவர், வங்கி மேலாளரைத் தானே தொலைபேசியில் அழைத்துப் பேசி, என் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்க வைத்தார். 29-ஆம் தேதி மாலை குழாய்த் தம்பியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதை எனக்குக் காட்டுவதற்கென்றே வீடுவரை வந்தார்.

மீதமிருந்த 2,310 ரூபாய்க்குக் கழிப்பறை வாளிகள் வாங்க நினைத்திருந்தோம். கடைக்காரரின் கணக்கைப் பதிந்து முடிப்பதற்குள் 31-ஆம் தேதி கடந்துவிட்டது.