அப்பாவின் மணிக்கூட்டுக்குப் புதிய பற்றரி

திருக்கடலூர்க் கரையிலிருந்து விடியுமுன் தோணி தள்ளும் என் அப்பாவின் கையில் பல வருடங்களாக இருப்பது கேசியோ எப்-91டபிள்யூ என்னும் கறுப்பு மணிக்கூடு. 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த மொடல் இன்றும் ஏறத்தாழ அதே உருவத்தில் விற்கப்படுகிறது. ஒரு பற்றரி ஏறக்குறைய 7 ஆண்டுகள் உழைக்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அப்பாவுடையதோ இரண்டு ஆண்டுகளும் நிற்கவில்லை. வெளிச்சப் பொத்தானை அழுத்தினால் எண்கள் மங்கின. அதிகாலை மூன்றரைக்கு அடிக்கும் மணி ஈனக் குரலானது.

முந்தைய பற்றரியைக் கடையொன்றில் மாற்றியிருந்தோம். அதன்பின் இரண்டு வாரங்களுக்குள், “தம்பி, கண்ணாடிக்குள்ள புகார் படிஞ்சிருக்குப் பார்” என்று அப்பா காட்டினார். வெயிலில் வைத்து உலர்த்தியதோடு அதை மறந்துவிட்டோம். இம்முறை நானே திறந்து பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே வேலை இருந்தது. நம் ஊரின் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து, பின்புறத்து நான்கு திருகாணிகளின் தலைகளிலும் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தன. அதை அகற்றாமல் திருப்பினால் ஆணியின் தலை தேய்ந்து, பிறகு எந்தக் கருவிக்கும் பிடிகொடாது. எனவே மென்மையான பல்தூரிகையாலும் பற்குச்சியின் நுனியாலும் பள்ளங்களைச் சுத்தம் செய்துவிட்டு, மிகச் சிறிய நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவரைக் கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்பினேன். கழன்ற ஆணிகளை ஒரு வெள்ளைத் துணியில், அவை இருந்த மூலைகளின் ஒழுங்கிலேயே வைத்தேன்.

மூடியைத் தூக்கியதும் பழுது தெரிந்தது. மூடிக்கும் உடலுக்கும் இடையில், அதற்குரிய பள்ளத்தில் படிந்திருக்க வேண்டிய மெல்லிய றப்பர் வளையம் ஒரு மூலையில் வெளியே நழுவி, தகட்டுக்கு அடியில் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. ஈரம் நுழைந்தது அந்த வழியால்தான். அதே மூலையில் தகட்டின் உட்புறம் பச்சை பூத்திருந்தது. பற்றரி மாற்றுவது என்று நாம் சொல்லும் வேலையில் பற்றரி சிறு பங்குதான். கடலோரத்தில் மணிக்கூட்டைக் காப்பது இந்த வளையம். நசுங்கிய வளையத்தை மீண்டும் போட எனக்கு மனம் வரவில்லை. மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர், பழுதாகிக் கிடந்த இதே மொடலிலிருந்து நல்ல வளையமொன்றை எடுத்துத் தந்தார். நிலாவெளியில் சுழியோடிகளுடன் வேலை செய்யும் நண்பனிடம், அவர்கள் தங்கள் கருவிகளின் வளையங்களுக்குப் பூசும் சிலிக்கன் கிறீஸில் ஒரு துளி வாங்கிக்கொண்டேன். வசலின் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சில வகை றப்பரை ஊதச் செய்துவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

இதற்குரிய பற்றரி சிஆர் 2016. முதல் இரண்டு இலக்கங்கள் 20 மில்லிமீற்றர் விட்டத்தையும், அடுத்தவை 1.6 மில்லிமீற்றர் தடிப்பையும் குறிக்கின்றன. ஆகவே 2025 அல்லது 2032 என்று கடையில் எடுத்துத் தந்தால், விட்டம் ஒன்றாக இருந்தாலும் வாங்கக் கூடாது. பற்றரியைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டியின் கொக்கியை ஊசிமுனையால் மெல்லத் தள்ளினால் அது விலகும். புதியதைத் துணியால் பிடித்து, கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே தெரிய வைத்து, பட்டியை மாட்டினேன். உலோகச் சாமணத்தால் பற்றரியின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது; மின் குறுக்காகப் பாய்ந்து புதிய பற்றரியே வலுவிழக்கும்.

ஆனால் அதே சாமணத்துக்கு அடுத்த நிமிடமே வேலை உண்டு. ‘ஏசி’ (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு என்பதன் சுருக்கம்) என்று பொறிக்கப்பட்ட இடத்திலுள்ள தொடுமுனையையும் பற்றரியின் மேற்பக்கத்தையும் இரண்டு விநாடிகள் சேர்த்துத் தொட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திரை வெறுமையாகவோ தாறுமாறான கோடுகளோடோ நிற்கக்கூடும். பற்றரி பழுதென்று பலர் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான்.

மூடுமுன் நுணுக்கமான ஒரு சுருள்வில்லைத் தேடிப் பார்க்க வேண்டும். அரிசிமணியிலும் சிறிய அந்த வில், மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஒலித்தகட்டைத் தொடுவதால்தான் மணி கேட்கிறது. அது தவறி விழுந்தால் நேரம் சரியாக ஓடும், மணி மட்டும் அடிக்காது. கிறீஸ் பூசிய வளையத்தைப் பள்ளத்தில் படிய வைத்து, தலைமயிரோ நூலோ அதன்மேல் இல்லை என்று விளக்கொளியில் சுற்றிலும் பார்த்தபின், ஆணிகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

கழற்றிய பற்றரியின் இரு பக்கங்களிலும் உடனே ஒட்டுநாடா சுற்றி, அக்காவின் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இந்த அளவுள்ள லித்தியம் பற்றரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும்; அதை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது.

நேரமும் திகதியும் புதிதாக வைத்த பிறகு, இரண்டு நாள் மழையிலும் அப்பா அதைக் கட்டிக்கொண்டு போய்வந்தார். கண்ணாடிக்குள் புகார் இல்லை. மூடியின் உள் ஓரத்தில் முன்பு திருத்தியவர் குறித்திருந்த திகதிக்கு அருகே, மூடுவதற்கு முன் நானும் அன்றைய திகதியை எழுதி, பக்கத்தில் ‘வளையமும் புதிது’ என்று சேர்த்திருந்தேன்.