பதினாலா, நாற்பதா? சீனத் தொழிற்சாலையில் காதைத் தீட்டுவது பற்றி

ஷென்ஜென், தொங்குவான், ஃபோஷான் என்று குவாங்தொங் மாகாணத்துக்குச் சரக்கு எடுக்கவோ இயந்திரம் பார்க்கவோ போகிறவர்கள் பலரும் "நீ ஹாவ்", "ஷியே ஷியே" இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறார்கள். மரியாதைக்கு அது போதும். ஆனால் வேலையில் பணமும் நாளும் கைவிட்டுப் போவது இரண்டு இடங்களில்: எண்ணைத் தப்பாகக் கேட்பது, மறுப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. முதல் மாதப் பயிற்சியை இந்த இரண்டுக்கே கொடுத்துவிடலாம்.

சீனப் பொதுமொழியான மாண்டரினில் நாலு என்பது "ஸு", பத்து என்பது "ஷு". 'பாக்கு' என்று சொல்லும்போது கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம் இருக்கிறதே, இரண்டிலும் ஏறக்குறைய அதே உகரம்தான். பாடப்புத்தகத்தில் ஸகரமும் ஷகரமும் வேறுபடுத்திக் காட்டிவிடும். தெற்கே பலரும் ஷகரத்தையும் ஸகரமாகவே சொல்வதால், அங்கே மிஞ்சுவது தொனி மட்டுமே. நாலு, "போ!" என்று அதட்டுவதுபோல மேலிருந்து சட்டென்று இறங்கும். பத்து, "ஆங்?" என்று திரும்பக் கேட்பதுபோல ஏறும். பதினாலு (பத்து-நாலு) ஏறி இறங்கும், நாற்பது (நாலு-பத்து) இறங்கி ஏறும். உடன் வேலை செய்யும் சீனர் ஒருவரை 14, 40, 44 மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி, காதால் கேட்டுத் தாளில் எழுதிப் பழகுவது நல்லது. ஒரு நாளைக்கு இருபது தடவை போதும். அப்படிப் பழகிய பிறகும், விலை பேசும்போது கால்குலேட்டரில் தட்டிக் காட்டாமல் தலையாட்டக் கூடாது.

இயந்திர இரைச்சலில் விரல்தான் பேசும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. நம் கண்ணுக்கு அது இரண்டாகத் தெரியும், அங்கேதான் பிசகும். இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்தால் பத்து. "மாய்" என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும்: தாழ்ந்து குழைந்தால் வாங்குவது, சட்டென்று இறங்கினால் விற்பது.

பெரிய தொகைகளை அவர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக, அதாவது "வான்" கணக்கில் எண்ணுவார்கள். மில்லியனில் யோசிக்கிறவர்கள் இங்கே திணறுவார்கள். லட்சமும் கோடியும் பழகியவர்களுக்கு வழி சுலபம்: பத்து வான் ஒரு லட்சம், ஆயிரம் வான் ஒரு கோடி. சந்தையில் சொல்லும் எடைவிலை பெரும்பாலும் "ஜின்"னுக்கு, அதாவது 500 கிராமுக்கு. கிலோவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. "பா ஜெ" என்று ஒட்டியிருந்தால் 80 சதவீதத் தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். பா என்றால் எட்டு. விலையில் பத்தில் எட்டுப் பங்கு கட்ட வேண்டும், கழிவு 20 சதவீதம்தான்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. சொல்லின் முதலில் வரும் நம் பகர, தகர, ககரங்கள் மூச்சு விடாத சீன ஒலிகளோடு அப்படியே பொருந்தும். தடுமாற்றம் மூச்சு விடும் ஒலிகளில். "தூஜ பாவ் ல" என்றால் வயிறு நிறைந்துவிட்டது. அதே தகர பகரங்களை மூச்சு சீறச் சொன்னால் முயல் ஓடிவிட்டது! வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முயலுக்குத் தாள் படபடக்க வேண்டும், வயிற்றுக்கு அசையக் கூடாது.

இனி மறுப்பு. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் கேட்டவருக்கும் சங்கடம், சொன்னவருக்கும் சங்கடம். அதனால் "காவ்லியூ காவ்லியூ" (யோசிக்கிறோம்), "பூ தாய் ஃபாங்பியன்" (அவ்வளவு வசதிப்படாது), "யோ தியன் நான்" (கொஞ்சம் கஷ்டம்) என்று வரும். மூன்றையுமே மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிடுவது உத்தமம். "ஹாவ், ஹாவ்" என்பது பல நேரம் காதில் விழுந்தது என்ற அளவுதான். "மாஷாங்" என்றால் உடனே. சொல்லுக்குச் சொல் பார்த்தால் குதிரை மேல் என்று பொருள், ஆனால் குதிரை எப்போது வந்து சேரும் என்று அதில் இல்லை. ஆகவே "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்ற கேள்வியே வேண்டாம். "நா தியன் சூ ஹுவோ?" (சரக்கு எந்த நாள் கிளம்பும்?) என்று கேட்டு, மூலப்பொருள் வந்துவிட்டதா என்றும் விசாரித்து, சொன்ன தேதியை வீசாட் என்ற செய்திச் செயலியில் இலக்கத்தில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

கூப்பிடும் முறையில் குடும்பப் பெயர் முன்னே, பதவி பின்னே: மேலாளர் வாங் என்றால் "வாங் ஜிங்லி". துணை மேலாளரைக் கூப்பிடும்போது துணை என்பதை விட்டுவிடுவது மரியாதை. இயந்திரம் ஓட்டுபவரும் வண்டி ஓட்டுபவரும் "ஷுஃபு". நம் மேஸ்திரி, ஆசாரி போலக் கைத்தொழிலை மதிக்கும் சொல். வேலை முடிந்து அவர்களைக் கடந்து போகும்போது "ஷின்கூ ல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஷின் என்பது காரம், கூ என்பது கசப்பு. மிகவும் பாடுபட்டீர்கள் என்று அதற்குப் பொருள். நன்றியைவிட இது நெருக்கமாகப் போய்ச் சேரும்.

சாப்பாட்டு மேசையில் வாசலைப் பார்த்த நாற்காலி முக்கிய விருந்தினருக்கு. மூத்தவரோடு கோப்பையை மோதும்போது நம் கோப்பையின் விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். தேநீர் ஊற்றுபவருக்கு இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் அதுவே நன்றி. சைவர்கள் "மாமிசம் வேண்டாம்" என்று சொல்வதோடு நிறுத்தினால் ஏமாறுவார்கள். மாமிசத்துக்கான "ரோ" என்ற சொல் தனியே வந்தால் பெரும்பாலும் பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். கோழி வந்துவிடும், மீன் வந்துவிடும், கீரை வதக்கலில் சிப்பிச் சாறோ கோழிப் பொடியோ கலந்திருக்கும். "வோ ச்சு ஸூ" (நான் சைவம்) என்று சொல்லி, கோழி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழிப் பொடி எதுவும் ஆகாது என்ற வரியைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்திருந்து, சட்டி அடுப்பில் ஏறும் முன்பே சமையல்காரர் கண்ணில் படும்படி காட்டிவிட வேண்டும்.