அது லட்ஸ் இல்லை

திங்கட்கிழமை காலை கோட்டைக்கூடக் கழற்றவில்லை, புரொட்யூசர் என் மேஜைக்கே வந்து நின்றார். "லட்ஸுக்கும் ஃபிளிப்புக்கும் என்ன வித்தியாசம்?" எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இரண்டும் ஐஸிலிருந்து எழும்பிச் சுழலும் தாவல்களின் பெயர், மூன்று சுற்று என்றால் முன்னால் 'ட்ரிபிள்' சேரும். வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியிட்ட முப்பது நொடி விளம்பரத்தைப் பார்த்த ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாடிக்கையாளர் கம்பெனிக்கு மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே புகார்தான்: திரையில் "ட்ரிபிள் லட்ஸ்" என்று இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறீர்களே, அது லட்ஸ் இல்லை.

நான் டொராண்டோவில் விளம்பரப் படங்களை எடிட் செய்கிறவன். கார், பால், இன்சூரன்ஸ், எது வந்தாலும் வெட்டி ஒட்டுவேன். ஸ்கேட்டிங் பற்றி எனக்கு இருந்த ஞானம், இந்த ஊரில் 'டொராண்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப்' என்று ஒன்று இருக்கிறது என்பதோடு சரி. அதுவும் வந்த புதிதில் பெயரின் முன்பாதியைப் பார்த்துவிட்டு ஆசையாக விசாரிக்கப் போய்த் தெரிந்துகொண்டது. அங்கேதான் பிரையன் ஆர்ஸர் என்ற கோச்சிடம் யூனா கிம்மும், பிறகு யுசுரு ஹன்யுவும் பயிற்சி எடுத்தார்கள் என்றார்கள். யார் அவர்கள் என்று கேட்டேன்.

எங்கள் விளம்பரத்தில் வந்த பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. பெயர் வேண்டாம். எங்கள் ஆபீஸில் விளையாட்டு வீரர்களை எடைபோட ஒரு எக்ஸல் தாள் உண்டு: முகம், பேச்சு, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், சொல்ல ஒரு கதை இருக்கிறதா. அவளுக்கு நாலு கட்டத்திலும் நல்ல மார்க். எப்படித் தாவுகிறாள் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது, அன்றுவரை அது யாருக்கும் ஒரு குறையாகப் படவும் இல்லை.

ஷூட்டிங் காலை ஐந்தரைக்கு. ஐஸை மட்டமாக்கும் வண்டி அப்போதுதான் சுற்றி முடித்துவிட்டுப் போயிருந்தது, தரை ஈரமாகக் கண்ணாடி மாதிரி இருந்தது. எடுத்ததை உடனுக்குடன் கோர்த்துக் காட்ட வேண்டும் என்று டைரக்டர் கேட்டதால் நானும் லேப்டாப்போடு ஓர் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கோச் வந்து, லூப் எடுங்கள், சால்கோ எடுங்கள், அந்த இரண்டு தாவலும் அவளுக்கு அழகாக வரும், லட்ஸ் மட்டும் வேண்டாமே என்றார். வாடிக்கையாளர் தந்த குறிப்பில் 'ஆக்ஸலுக்கு அடுத்தபடி கடினமான தாவல்' என்று இருந்தது, அதனால் லட்ஸ்தான் வேண்டும் என்றார் டைரக்டர். கோச் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, ஐஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினோரு தடவை தாவினாள். ஆறு தடவை விழுந்தாள். எங்கள் சவுண்ட் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கார்பரோவில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஐஸின் விளிம்பில் மைக் வைத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது தூரத்துக் காட்சி, அவருக்கோ காதுக்குள் நடக்கிற விஷயம். பிளேடின் முன்பல் ஐஸைக் குத்தும் 'டொக்', அப்புறம் ஒரு நிசப்தம், அப்புறம் இடுப்பெலும்பு வந்து மோதும் சத்தம். ஐந்தாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளைக்கு நோகாதோ? இனிக் காணும் எண்டு போய்ச் சொல்லுங்கோ." நான் போகவில்லை. போய்ச் சொல்கிற இடத்தில் நான் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாவது டேக் பிரமாதமாக வந்தது. ஒரு தாவலில் ஆள் காற்றில் இருப்பது முக்கால் நொடிகூட இல்லை. அதை ஸ்லோ மோஷனில் இழுத்து, புறப்படும் இடத்தில் பனித்தூள் ஒவ்வொன்றாக மினுங்கும்படி செய்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. வினை அந்த ஸ்லோ மோஷனில்தான். சாதாரண வேகத்தில் ஓட விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் நடுவில் குழிந்திருக்கும், அதனால் ஒரு பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. லட்ஸ், ஃபிளிப் இரண்டிலும் பின்னோக்கி வழுக்கி வந்து, மற்ற காலின் முன்பல்லை ஐஸில் குத்தித்தான் எழும்ப வேண்டும். வெளிவிளிம்பில் நின்று எழும்பினால் லட்ஸ், உள்விளிம்பு என்றால் ஃபிளிப். வெளிவிளிம்பில் வரும்போது வளைவு ஒரு பக்கம் போகும், உடம்பு சுழல வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். வலப்பக்கம் திரும்புகிற பஸ்ஸிலிருந்து இடப்பக்கமாகச் சுழன்று குதிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதனால் பலருக்குக் கடைசிக் கணத்தில் கணுக்கால் தானாக உள்ளே சாய்ந்துவிடும். லட்ஸ் மாதிரி வந்து ஃபிளிப்பாக முடிகிற இந்தக் கலப்படத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபிளட்ஸ்'. ட்ரிபிள் லட்ஸுக்கு அடிப்படை மதிப்பு 5.90, ட்ரிபிள் ஃபிளிப்புக்கு 5.30 என்பதால் இதில் மதிப்பெண் விவகாரமும் இருக்கிறது. டெக்னிக்கல் குழு ரீப்ளே பார்த்து விளிம்பு தப்பு என்று முடிவு செய்தால் மதிப்பெண் தாளில் அந்தத் தாவலுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன 'இ' ஒன்று விழும், அடிப்படை மதிப்பிலேயே வெட்டு. கொஞ்சம் சந்தேகம்தான் என்றால் ஆச்சரியக்குறி. அதற்கு அடிப்படை மதிப்பு தப்பிக்கும், நடுவர்கள் தரத்துக்குப் போடும் மார்க்கில் மட்டும் அடி.

புகார் அனுப்பியவர்களில் ஒருவர் என் வீடியோவின் எட்டு பிரேமை வரிசையாக ஒட்டி, ஐந்தாவதில் பாதம் சாய்வதை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அதே வீடியோவோடு மூன்று நாள் குடித்தனம் நடத்தியவன் நான், என் கண்ணில் படவில்லை. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பழைய போட்டிகளைப் பார்த்தேன். வேலைக்காக என்று ஆரம்பித்தது, ஜப்பான் ஸ்கேட்டர் மாவோ அசாடாவிடம் போய் மாட்டிக்கொண்டது. ட்ரிபிள் ஆக்ஸல் தாவிய பெண்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஒரே போட்டியில் மூன்று தாவியவர். அப்படியிருந்தும் அவருடைய லட்ஸில் விளிம்பு தப்பு என்று குறி விழுந்துகொண்டே இருந்தது. வான்கூவரில் வெள்ளி, தங்கம் யூனா கிம்முக்கு. அப்புறம் அசாடா செய்த காரியம்தான் என்னை உலுக்கியது: நொபுவோ சாட்டோ என்ற மூத்த கோச்சிடம் போய், தெரிந்த தாவல்களையெல்லாம் அடியிலிருந்து திருத்த ஆரம்பித்தார். நடுவில் சில போட்டிகளில் பரிதாபமாகச் சறுக்கினார். ஜப்பானில் விளம்பரங்களில் எங்கு திரும்பினாலும் அவர் முகம், மெத்தை உட்பட. அந்த நிலையில் உலகமே பார்க்க விழுந்து விழுந்து கற்றுக்கொள்வது என்றால் சும்மாவா? 2014 சோச்சி ஒலிம்பிக்கில், முதல் பகுதியான குறும்பகுதியில் 16ஆம் இடம். மறுநாள் நீள்பகுதியில் ஆடிய ஆட்டத்தில் மொத்தத்தில் 6ஆவதாக முடித்தார், பதக்கம் இல்லை. அன்று பதக்கம் வாங்கியவர்களைவிட அந்த நாலு நிமிஷத்தைத்தான் பலர் இன்னும் பேசுகிறார்கள்.

எங்கள் தாளின் நாலு கட்டத்தை வைத்துப் பார்த்தால் அமெரிக்க ஸ்கேட்டர் கிரேஸி கோல்டுக்கு முழு மார்க் போட்டிருப்போம். குடும்பப் பெயரே கோல்டு, விளம்பரக்காரனுக்கு வேறென்ன வேண்டும்! சோச்சிக்கு முன்பே பெரிய ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. அங்கே தனிநபர் போட்டியில் 4ஆம் இடம். 2016இல் பாஸ்டன் உலகப் போட்டியில் முதல் பகுதியில் முன்னணியில் இருந்து, மறுபடியும் 4. அடுத்த ஆண்டு மனச்சோர்வுக்கும் உணவுக்கோளாறுக்கும் சிகிச்சைக்குப் போனார், அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய பழைய விளம்பரம் ஒன்றை ஓடவிட்டு, இதை எடிட் செய்தவன் எந்த டேக்குகளைத் தூக்கிப் போட்டிருப்பான் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். எழுத்தை "ட்ரிபிள் ஃபிளிப்" என்று மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். அதற்கும் சிரிப்பார்கள் என்று இப்போது சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வந்த பாதை லட்ஸுக்கான நீண்ட வளைவு, ஃபிளிப்புக்கு அப்படி வரமாட்டார்கள். கடைசியில் எழுத்தையே எடுத்துவிட்டு, புறப்பாட்டையும் வெட்டி, காற்றிலிருந்து ஆரம்பித்தேன். படம் நன்றாகவே இருந்தது. குதித்த இடமே இல்லாத குதிப்பு.

குரல் பதிவை மாற்ற அவள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்வீர்கள், எனக்கு ஒன்பது வயதிலிருந்தே அப்படித்தான்" என்றாள். உள்ளங்கையைப் பாதம் மாதிரி மேஜையில் நிறுத்தி, வெளிப்பக்கம் சாய்த்து, மெல்ல இழுத்து வந்து, விரலால் டொக்கென்று குத்தும் நேரத்தில் கை உள்ளே விழுவதைக் காட்டினாள். விழாமல் பிடித்துக்கொண்டால் உயரம் போகிறது, உயரம் போனால் மூன்று சுற்று முடிவதற்குள் கால் ஐஸைத் தொட்டுவிடுகிறது, அதற்கு வேறு வெட்டு. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று உடைகிறது. இதையெல்லாம் ரிப்பேருக்கு வந்த மெஷினைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். மறு வருடம் அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, டீயோடு உட்கார்ந்து அவள் போட்டியின் மதிப்பெண் தாளைத் திறந்தேன், இப்போது எனக்கு அது வாராந்தரப் பழக்கம். லட்ஸ் வரியில் 'இ' இல்லை. ஆச்சரியக்குறி இருந்தது. சவுண்ட் அண்ணைக்குப் போன் போட்டேன்.

"அது நல்லதோ கூடாததோ, தம்பி?"

"முந்திக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை, அண்ணை."

"விழேல்லையே?"

"விழவில்லை."

"அப்ப சரி" என்றார்.